பாவம் அன்று, பங்கு!

“பாவம்!”

தாம்பரம் இரயில் நிலையத்திலே, வெண்கோல் தட்டிப் படியேறும் கல்லூரி மாணவனைக் கண்டதும் கூட்டத்தில் எழும் குரல் இது. ஒரே சொல், பொருளோ இரண்டு. இரக்கமும் ‘பாவம்’, முற்பிறவியில் செய்ததாகச் சாற்றப்படும் குற்றமும் ‘பாவம்’! வினைப்பயன் என்ற கட்டுக்கதையை எள்ளி நகையாடும் நாம், அக்கதை பெற்றெடுத்த இரக்கத்தை மட்டும் இன்னும் மடியிலே கட்டிக்கொண்டு திரிகிறோமே, முறையா?

அந்த மாணவன் கேட்பது இரக்கம் அன்று. வகுப்பறையிலே தனக்குரிய பங்கு.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தது. இன்று குரோம்பேட்டை முதல் வண்டலூர் வரை கல்லூரிகள் நிறைந்துள்ளன. அரசின் உயர்கல்வி நிலையங்களும் அரசு உதவி பெறுவனவும் நூற்றுக்கு 5 இடங்களேனும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது 3தான். மகிழ்ச்சி! சட்டம் கல்லூரியின் வாயிலைத் திறந்துவிட்டது. வகுப்பறைக் கதவை யார் திறப்பது?

நாம் பயின்றது வேறோர் ஊரில். பொருளியல் வகுப்பு. முதல் வரிசையிலே பார்வையற்ற நண்பர். பேராசிரியர் கரும்பலகையில் இரு கோடுகள் இழுத்தார். “இது இப்படி இறங்குகிறது, அது அப்படி ஏறுகிறது, இங்கே வெட்டுகிறது, பாருங்கள்!” என்றார். பார்த்தோம், எழுதிக்கொண்டோம். நண்பரின் விரல்கள் மட்டும் அசையவில்லை. வகுப்பு முடிந்ததும் மெல்லக் கேட்டார்: “இது என்றால் எது? இங்கே என்றால் எங்கே?”

“விலை ஏற ஏறத் தேவை குறைகிறது, அளிப்புக் கூடுகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் விலை நிலைக்கிறது” என்று வாயால் சொல்லியிருந்தால் போதும். பேராசிரியர் கொடியவர் அல்லர். நண்பரின் தோளைத் தட்டி அன்போடு பேசுபவர்தான். அன்பு இருந்தது, அந்த ஒரு வாக்கியம் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நாமாவது எடுத்துச் சொன்னோமா? அதுவும் இல்லை. அத்தாளில் அவர் தவறினார், நாம் தேறினோம். அறிவிலே அவர் நமக்கு மூத்தவர் என்பதை நாம் அறிவோம். இன்று ஆசிரியராகிச் சுண்ணக்கட்டியைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நம்மைச் சுடுகிறது.

“எல்லோர்க்கும் மூன்று மணி நேரம், இவருக்கு மட்டும் நான்கா? இதுவா சமத்துவம்? தகுதி என்னாவது?” என்று கேட்போர் உண்டு. பழைய பல்லவிதான், எனினும் பதில் சொல்வோம். தேர்வு எதை அளக்கிறது? பொருளியல் அறிவையா, பேனா ஓடும் வேகத்தையா? அறிவை என்றால், வினாவை ஒருவர் படிக்கக் கேட்டு, விடையை ஒருவர் எழுதச் சொல்லும் மாணவனுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாக அளிப்பது சலுகை ஆகாது. அளவுகோலின் கோணலை நிமிர்த்துவது அது! ஒரே அளவுச் செருப்பை ஊரார் அனைவர்க்கும் மாட்டுவது சமத்துவம் ஆகுமா?

எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய விகாஷ் குமார், ஆட்சிப்பணித் தேர்விலே சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டார். மறுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நூற்றுக்கு 40 குறைபாடு உண்டு என்ற சான்று இருந்தால்தான் அவ்வுதவி என்று மறுப்பது முறையன்று என 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒருவரின் தேவை இன்னது என்று ஆராய்ந்து வழிசெய்வதே நீதி என்பது அதன் சாரம்.

தகுதி போய்விடும் என்போர் கேம்பிரிட்ஜைப் பார்க்கட்டும். குழந்தைப் பருவத்தில் அம்மையால் பார்வை இழந்த நிக்கோலஸ் சாண்டர்சன், 1711இல் அங்கே கணிதப் பேராசிரியரானார். நியூட்டன் ஒருகாலத்தில் வகித்த அதே பதவி! ஒளியைக் காணாத அவர் ஒளியியல் கற்பித்தார். கண்ணுடையோர் கேட்டுக் கற்றனர்.

பேராசிரியப் பெருமக்களே! பொன்னையோ பொருளையோ நாம் கேட்கவில்லை. பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படியுங்கள். உதட்டசைவைக் கொண்டு பொருள் உணரும் மாணவன் இருந்தால், பலகையைப் பார்த்துப் பேசாமல் அவன் முகம் பார்த்துப் பேசுங்கள். குறிப்புகளை, கணினி படித்துக் காட்டும் வடிவிலே, வகுப்புக்கு முன்பே கொடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவன் இருந்தால் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னே, “உனக்கு எது வேண்டும்?” என்று அவனையே கேளுங்கள், பலர் நடுவே அன்று, தனியே.

இளைஞர்களே! ஆசிரியர் மறந்தால் பக்கத்தில் இருப்பது நீங்கள். பலகையைப் படித்துச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறது. நாம் அன்று அதை மூடியிருந்தோம். நீங்கள் மூடாதீர்கள்!