மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

வழக்காடுவோர் இருவர், தீர்ப்பளிப்பவர் மூன்றாமவர். அம்மூன்றாமவரும் வழக்காடும் ஒரு தரப்பின் ஊழியராயிருப்பின் அவ்விடத்தை நாம் நீதிமன்றம் என்போமா? அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்களை நோக்கும்போது நம் உள்ளத்தில் முதலில் எழும் வினா இதுவே.

அந்நீதிபதிகள் தன்னுரிமை பெற்ற நீதித்துறையினர் அல்லர். அரசின் சட்ட அமைச்சகத்தில், 1983-இல் அமைக்கப்பெற்ற ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள். அவர்களை நியமிப்பவர் அட்டர்னி ஜெனரல்; அவர்தம் தீர்ப்பை மாற்றும் அதிகாரமும் அவருக்குண்டு. ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றுமாறு வாதிடுபவரோ அதே அரசின் மற்றோர் அமைச்சக வழக்கறிஞர்.

இக்குறை முற்றிலும் வெளிப்படுவது பிணை விசாரணையில்தான். குடியேற்ற வழக்கு குற்ற வழக்கன்று, உரிமையியல் வழக்கே என்கிறது சட்டம். ஆதலின் ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் இல்லை. ஆனால் சிறைக்கதவு மட்டும் உண்டு! குற்றவாளியைத் தண்டிக்க அரசு சான்று காட்ட வேண்டும். இங்கோ, தாம் ஆபத்தானவர் அல்லர், தப்பியோட மாட்டார் என்பதைப் பெரும்பாலும் காவலில் இருப்பவரே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகைச் சீட்டும், முதலாளியின் கடிதமும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றும் வெளியே கிடக்க, உள்ளே இருப்பவர் எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? பிணை கிடைத்தாலும் தொகை 1,500 டாலருக்குக் குறைவதில்லை. முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். ஒரே நிலையிலுள்ள இருவருள் பணமுள்ளவர் வீடு திரும்ப, இல்லாதவர் உள்ளேயே இருக்கிறார்.

2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இன்னும் ஒருபடி சென்றது. சோதனையின்றி எல்லை கடந்தவர் எத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருப்பினும், அவருக்குப் பிணை வழங்கக் குடியேற்ற நீதிபதிக்கு அதிகாரமில்லை என்றது. கூட்டாட்சி நீதிபதிகள் பலர் அதனை ஏற்கவில்லை.

"தன் எல்லைக்குள் இருப்போர் யாரென அறிய நாட்டுக்கு உரிமையில்லையா?" எனச் சிலர் வினவலாம். உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஓடிவிடுவார் என அஞ்சுகின்ற அரசு அவ்வச்சத்துக்குரிய காரணத்தைக் காட்டட்டும் என்றே கூறுகிறோம். ஆவணங்களும் அலுவலர்களும் அரசிடமே உள்ளன. 2021-இல் பாஸ்டன் நகரிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. காவலில் இருப்போருக்குப் பொதுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தும் திட்டத்தை நியூயார்க் நகரம் 2013-லேயே தொடங்கியது. ஆகவே நாம் கேட்பது நடவாத காரியமன்று.

பிழைப்பு நாடிக் கடல் கடந்தோரின் கடிதத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அந்நியனின் விடுதலை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கதவைப் பூட்டியவரே பூட்டியதற்கான காரணத்தைக் கூற வேண்டும். உள்ளே இருப்பவரைக் கேட்பது முறையன்று.