பகிடியின் விலை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் கறண்ட் நின்றுபோனது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். இங்கே கறண்ட் முழுதாகத் திரும்பி வருமுன்னரே அந்தக் குரங்கு உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டை ஒற்றைக் குரங்கு நிறுத்திவைத்தது என்பதைவிடச் சுவையான செய்தி எந்தப் பத்திரிகையாசிரியருக்குக் கிடைக்கும்? அடுத்த மாதமே இன்னொன்று. மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடங்களில், ஒவ்வொருவரும் தத்தமது காணியில் தென்படும் குரங்கு, மயில், மர அணில் முதலானவற்றை எண்ணித் தரவேண்டுமென்று அரசாங்கம் கேட்டது. அதுவும் கடல் கடந்தது.

அவ்வாண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திருந்த நண்பர்கள் சிலரோடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிவீட்டில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் டொரொன்டோ, ஒருவர் லண்டன், இன்னொருவர் பதினைந்து வருடமாகக் கட்டாரில் இருக்கும் நம்மவர், நான் நானா என்று கூப்பிடுபவர். இலங்கைச் செய்திகளில் இப்படிப்பட்டவற்றைத் தேடிச் சேர்த்துவைப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்று ஒன்று இலங்கைக்குத் தீ வைத்தது, இன்று ஒன்று லைட்டை அணைத்தது என்றார் லண்டன்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி நல்ல பகிடிதான், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிறகு நானா வேறொன்று சொன்னார். தோஹாவில் அவருடைய அரபி மேலாளர் இதே குரங்கைச் சொல்லிச் சிரித்தபோது அவருக்குக் கோபம் வந்ததாம். "அவனுக்கு நம்மட நாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

அந்தக் கோபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். குரங்கு ஒன்று, பகிடி ஒன்று, சிரிப்பும் ஏறத்தாழ ஒன்று. ஒரு வாயிலிருந்து வரும்போது உறவாகவும் இன்னொரு வாயிலிருந்து வரும்போது இளக்காரமாகவும் அது மாறுவது எதனால்? பிறந்த மண் என்ற ஒன்றினால் மட்டும்தானா?

நம்மில் சிலர் உடனே அல்-ஹுஜுராத் அத்தியாயத்தை எடுத்துக் காட்டுவர். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்ற கட்டளை அங்கே உண்டு. ஆனால் அதே அத்தியாயத்தில் சில வசனங்களுக்கு முன்னரே, வந்து சேரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு சமூகத்துக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. முதலாவதை மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பவர்கள் குறைவு.

விசித்திரச் செய்தி என்ற சரக்கு நம் நாட்டில் விளைந்ததன்று. நம் தமிழ்ப் பத்திரிகைகளின் உலகச் செய்தித் துணுக்குகளில் நெடுங்காலமாகச் சீனாவுக்கு ஒரு தனியிடம் உண்டு. 2013 ஓகஸ்டில் ஹெனான் மாகாணத்து மிருகக்காட்சிசாலையொன்றில் ஆபிரிக்கச் சிங்கம் என்று எழுதிவைத்த கூட்டுக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம் வந்ததும், அது திபெத்திய நாயென்று தெரியவந்ததும் அப்படியொன்று. அங்கே பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் தொழில் நிமித்தம் வாழ்ந்த மேற்கத்தேயர்களுக்கு இத்தகைய செய்திகள் அன்றாடத் தீனி. உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் வினோதங்களை மொழிபெயர்த்துத் தமக்குள் பரிமாறிச் சிரிப்பது அவர்களுடைய ஒரு கலாசாரமாகவே இருந்தது.

2007 ஜூலையில் பெய்ஜிங் தொலைக்காட்சி ஒரு செய்தியை ஒளிபரப்பியது. தெருவோரக் கடைகளில் விற்கும் ஆவியில் அவித்த பணிஸுக்குள் இறைச்சியோடு ஊறவைத்த காட்போட் மட்டையைச் சேர்க்கிறார்கள் என்பது அது. உலகமே சிரித்தது. சில நாட்களில் அது சோடிக்கப்பட்ட செய்தியென்று அதே தொலைக்காட்சி அறிவித்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கூலிகளைக் கொண்டு அப்படிச் செய்வித்துப் படம்பிடித்த செய்தியாளருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து அந்தத் திருத்தத்தை வாசித்திருப்பார்கள்? மறு ஆண்டு, 2008இல், பால்மாவில் மெலமைன் கலந்த விவகாரம் வெடித்தது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே பெற்றோர் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். சீன உணவில் கலப்படம் என்பது அதற்குள் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு பகிடியாகிவிட்டிருந்தது. பொய்யான செய்திக்கும் மெய்யான செய்திக்கும் வெளியிலிருந்து பார்ப்பவனிடம் ஒரே முகபாவம். அவனுடைய குழந்தை குடித்தது வேறு பால்.

இப்போது பாணந்துறைக்குத் திரும்புவோம். குரங்கோடு முடிந்துவிடும் கதை சிரித்தவர்களுடையது. இங்கே அது குரங்கோடு தொடங்கியது. வெயில் எறிக்கும் ஞாயிற்றுக்கிழமை, மின்பாவனை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரியமின்சாரம் கூடுதல். அப்படியான வேளையில் ஒரு சிறு தடங்கலைத் தாங்கும் வலு வலையமைப்புக்கு இருக்கவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனது. சீனக் கடனில் சீன நிறுவனம் கட்டித் தந்த நிலையம் அது. அது மீண்டும் இயங்கும்வரை அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. கொட்டாஞ்சேனையில் மேசன் வேலைக்காரரும் தையற்காரரும் ஐஸ் பெட்டியில் மீன் வைத்து விற்பவரும் அந்த ஒன்றரை மணி நேரத்தை ரூபாயில் கணக்கிட்டார்கள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடம் சொன்ன குரங்குப் பகிடி லண்டன்காரருடையதைவிடப் பத்து மடங்கு கூர்மையானது. அமைச்சரின் பேரும் அதில் வருவதால் இங்கே எழுத முடியாது.

ஆக, துன்பப்படுகிறவன் சிரிக்கமாட்டான் என்பது பொய். அவன்தான் அதிகம் சிரிக்கிறான். அவன் தன் செலவில் சிரிக்கிறான். வெளியிலிருப்பவன் அவனுடைய கணக்கில் சிரிக்கிறான். எனக்குப் பட்டவரை, பிறந்த மண்ணைவிட இந்தக் கணக்குத்தான் வித்தியாசத்தைச் செய்கிறது.

டொரொன்டோ நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடு எரிந்து கப்பலேறிப் போன குடும்பம் அவருடையது. "இந்த நாட்டுக்காக அழுது முடித்தவர்கள் நாங்கள். இனிச் சிரிக்கவும் கூடாதா?" என்று கேட்டார். கேள்வியின் கனத்தை நான் மறுக்கவில்லை. 83ஐப் பற்றி அவர் என்ன பகிடி விட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று கொடுத்த விலை இன்றைய செய்திக்கும் செல்லுபடியாகுமா? விலை ஒவ்வொரு தடவையும் புதிதாகவல்லவா கேட்கப்படுகிறது?

2011 ஓகஸ்ட் ஞாபகமிருக்கும். கிறீஸ் பூதம், கிறீஸ் மனிதன், மர்ம மனிதன் என்று ஊருக்கொரு பெயர். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு மலையகத்திலிருந்து கிழக்குவரை பரவியது. வெளிநாட்டு ஊடகங்கள் இதை ஆசியாவின் இன்னொரு பேய்க்கதையாக எழுதின. கொழும்பிலிருந்த நாமும் கிழக்கிலுள்ளவர்களைப் பார்த்து மெல்லச் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. வெள்ளவத்தையிலிருந்து கிண்ணியாவைப் பார்க்கும்போது கொழும்பானும் ஒரு வெளிநாட்டுக்காரன்தான். அது றமழான் மாதம். ஆண்கள் தறாவீஹ் தொழுகைக்குப் போய்விட, வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் தனித்திருந்தார்கள். பிடித்துக் கொடுத்தவனை விட்டுவிடுகிறார்கள், அவன் ஓடி மறைந்த இடம் படைமுகாம் என்று சனங்கள் சொன்னார்கள். கிண்ணியாவில் கடற்படையோடு மோதல் நடந்தது. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அவசரகாலச் சட்டம் அந்த மாத இறுதியில்தான் நீக்கப்பட்டது. முப்பது வருட யுத்தத்தில் இரவுக்கதவைத் தட்டியவர்கள் யாரென்று அறிந்த மக்களுக்குப் பூதம் என்பது ஒரு உருவகம் மாத்திரமே. அந்த உருவகத்தைக் கழற்றி அச்சத்தை விட்டுவிட்டு, பூதத்தை மட்டும் எடுத்துப் போனார்கள் சிரித்தவர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் சிரிப்புக்கு எதிரானவன் என்று வாசகர் நினைக்கக்கூடும். அப்படியானால் 2018ஐப் பார்க்கவேண்டும். பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கொத்துக்குள் வந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். ஒரு மாத்திரையைக் கொத்தில் போட்டு ஓர் இனத்தையே மலடாக்கலாம் என்பது எந்த நாட்டு விசித்திரச் செய்திக்கும் குறைந்ததன்று. காட்போட் பணிஸ் அதற்குப் பக்கத்தில் நிற்கமுடியாது. ஆனால் அன்றிரவு அங்கே சிரிக்க யாருமில்லை. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு வாரத்தில் திகன எரிந்தது. அது மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகு. 2019 மேயில் குருநாகல் வைத்தியர் ஷாபி நாலாயிரம் பெண்களை மலடாக்கினார் என்ற செய்தி ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தபோதும் நாடு சிரிக்கவில்லை. நாலாயிரம் சத்திரசிகிச்சைகளில் பக்கத்தில் நின்ற தாதிமாருக்குக் கண் இல்லையா என்று ஒருவர் கேட்டுச் சிரித்திருந்தால்! (சிறையிலிருந்து வெளிவந்து, பிந்திக் கிடைத்த சம்பள நிலுவையை 2022இல் மருந்து வாங்க அன்பளிப்புச் செய்தார் அந்த மனிதர்.) அந்த இரவுகளில் சிங்கள அயலவர் ஒருவர் உரத்துச் சிரிப்பது ஒரு வணக்கத்துக்கு நிகராக இருந்திருக்கும். அவருக்கு அது செலவு வைக்கும் சிரிப்பு. தன் கூட்டத்தின் நடுவே தனித்து நின்று சிரிக்கவேண்டியிருந்திருக்கும். நாம் அதே இடத்தில் சிரித்தால் அது உயிருக்கு ஆபத்து.

2020 டிசம்பரில் இரண்டும் ஒன்றாக நடந்தன. கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் காளியம்மன் சொல்லித் தந்ததாகச் சொல்லித் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணியொன்றைக் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்தார். ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். நோயை விரட்ட மந்திரித்த குடங்களை ஆற்றில் போட்டவரும் அவரே. ஜனவரியில் அவருக்கே தொற்று ஏற்பட்டதும் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அது பெருவிருந்தாயிற்று. அதே டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று பொரளையில் எரிக்கப்பட்டது. கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற நிபுணர் குழுவின் கருத்தே காரணம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாமென்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாணியும் நிலத்தடி நீரும் ஒரே மரத்துக் காய்கள் என்பேன். ஒன்று பகிடியாக ஏற்றுமதியாகியது, மற்றது பொரளை மயானத்து வேலியில் கட்டிய வெள்ளைத்துணியோடு நம்மிடமே நின்றுவிட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, மார்ச்சிலிருந்து ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குப் போயின. அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

பாணிக்கு வரிசையில் நின்றவரைப் பார்த்து நம்மவர் பலர் கசப்போடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் ஒக்டோபர் இறுதியிலிருந்து வாரக்கணக்கில் மூடிக்கிடந்ததும், தடுப்பூசி நாட்டுக்கு வந்தது ஜனவரி இறுதியில்தான் என்பதும், நாட்கூலி இல்லாத வீட்டில் ஒரு போத்தல் பாணி என்ன பொருள் தந்திருக்கும் என்பதும் என் நினைவைவிட்டுப் போவதில்லை.

சீனாவைப் பார்த்துச் சிரிக்கும் முறை நமக்கும் வந்தது. 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, சீனா ஒரு இலட்சம் செங்குரங்குகளைத் தமது மிருகக்காட்சிசாலைகளுக்குக் கேட்பதாகச் சொன்னார். சாப்பிடத்தான் கேட்கிறார்கள் என்று கொழும்பின் ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் பகிடி. துறைமுக நகர வேலைக்கு வந்திருந்த சீனத் தொழிலாளி புறக்கோட்டையில் கருவாட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒருவன் குரங்கு மாதிரிச் சத்தமிட்டதை நான் கண்ணால் கண்டேன். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார், விளங்கவில்லை, அவரும் சிரித்தார். அப்படியொரு கோரிக்கை பற்றித் தமக்குத் தெரியாது என்றது சீனத் தூதரகம். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், ஏற்றுமதி இல்லையென்று அரச தரப்பு ஜூனில் அறிவித்தது.

குரும்பைகூட மிஞ்சாமல் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த விவசாயிகள்தான் அந்தக் கதையைத் தொடக்கியவர்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது கொழும்பிலும் எழுதப்படவில்லை, வெளிநாட்டிலும் எழுதப்படவில்லை. குரங்குகள் எங்கும் போகவில்லை. 2025 மார்ச்சில் அவற்றை எண்ணித் தரும்படி அவர்களிடமே கேட்டார்கள்; ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.