எழவு சொல்லப் போன கால்கள்

எங்கள் தாத்தாவை ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘எழவு சொல்றவன்’ என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். ஊர்த் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். வருகிறவன் சேரிக்குள் வர மாட்டான். புளியமரத்தடியில் நின்று குரல் கொடுப்பான். தாத்தா சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு எழுந்து போக வேண்டும். ராத்திரி, மழை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. நடக்க வேண்டும்.

திருக்கோவிலூர் பக்கம் எங்கள் ஊர். ஆற்றைத் தாண்டித் திருவண்ணாமலைப் பக்கம் நாலு ஊர், இந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டை வழியில் மூணு ஊர் என்று, ஊர்க்காரர்களுடைய சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடு, பெண் கொடுத்த வீடு எல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். அவர் தலைக்குள் ஆதிக்க சாதிக்காரர்களின் உறவுமுறை முழுக்க இருந்தது. (இன்றைக்கு அதைத்தான் செல்போனில் காண்டாக்ட் லிஸ்ட் என்று வைத்திருக்கிறோம்.) போய்ச் சேர்ந்த ஊரில் நேரே அந்த வீட்டுக்குப் போய்விட முடியாது. முதலில் அந்த ஊர்ச் சேரிக்குப் போய், அங்கே ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவுக்குள் நுழைய வேண்டும். திண்ணைக்கு எட்டத்தில் நின்று சொல்ல வேண்டும். ‘பெரிய ஆண்ட தவறிட்டாருங்க.’ உள்ளேயிருந்து அழுகை கிளம்பும். இவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்காகவோ செத்த முகம் காட்ட வேண்டும். கூலி ஒரு படி நெல், கொஞ்சம் சில்லறை. மனசிருந்தால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓர் இலையில் சோறு.

இது எங்கள் தாத்தாவின் தலையெழுத்து என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்பேத்கர் எழுதியதைப் பார்த்தேன். தீண்டப்படாதவர்கள் செய்தாக வேண்டிய வேலைகளை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அதில் முதலில் வருவதே இதுதான். இந்துவின் வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும், எவ்வளவு தூரமானாலும் வெளியூர் உறவினர்களுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். படித்தபோது தாத்தாவின் பித்தவெடிப்புப் பாதம் கண் முன்னால் வந்தது. அவருடைய கால் அவருடையதாக இருக்கவில்லை. அது ஊரின் தந்திக் கம்பி.

அந்தக் கம்பியை அறுத்தது யார்? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

இந்தியாவில் செல்போனில் முதல் பேச்சு 1995 ஜூலை 31-ஆம் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்றைக்கும் எங்கள் தாத்தா எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருந்திருப்பார். அப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. பக்கத்துக் கடை டீக்கடை. அங்கே எங்களுக்குத் தனிக் குவளை. பூத்தில் மட்டும் ரிசீவர் ஒன்றே ஒன்று. இரண்டாவது ரிசீவர் வைக்கக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது. நாங்கள் பேசிவிட்டு வைத்ததும் பூத்காரர் துணியால் அழுத்தித் துடைப்பார். மற்றவர்கள் பேசிவிட்டு வைத்தால் துடைக்க மாட்டார். இதற்குச் சாட்சி நான்தான்.

அப்புறம் செல்போன் வந்தது. ஆரம்பத்தில் உள்ளே வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2003-ல் அது நின்றதும் ஊர்த் தெருவில் ஆளுக்கொன்று வாங்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருசம் ஊரில் ஒரு பெரிய சாவு. எங்கள் ஆட்களுக்கு மேளத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். தாத்தாவுக்கு ஆள் வரவில்லை. தாத்தா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலும் காரிலும் சொந்தக்காரர்கள் வந்து இறங்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்து வந்தார். ஆயாவிடம் கேட்டார்:

‘எல்லாத்துக்கும் சேதி போயிருச்சி போலக்கீதே. நம்பள மறந்துட்டானுவளா?’

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. முதுகில் ஏற்றிய கல்லை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் ‘ஏற்றியது தப்பு’ என்று சொல்லவில்லை. அதைவிடச் சுலபமான ஒரு வழி கிடைத்ததால் எடுத்துவிட்டான். இதை விடுதலை என்று சொல்லலாமா?

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில், ‘இனிமே சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், எழவு சொல்லப் போவ மாட்டோம்’ என்று நின்றார்கள். அதற்காக அடிபட்டார்கள், வேலை மறுக்கப்பட்டார்கள், குடிசை எரிந்தது. அந்த ஊர்களில் அந்த வேலை நின்றபோது இரண்டு பக்கத்துக்கும் ஏன் நின்றது என்று தெரியும். ‘முடியாது’ என்ற ஒரு சொல் நடுத்தெருவில் விழுந்திருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல் விழவில்லை. நாங்கள் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம், அடுத்த பொங்கலுக்குச் சொல்லிவிடலாம், தேர்தல் முடியட்டும் என்று. அதற்குள் கடையில் சிம்கார்டு வந்துவிட்டது. எங்களுடைய ‘முடியாது’ எங்கள் வாய்க்குள்ளேயே செத்துப் போனது.

இதை நைனாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ‘நடந்தவனுக்குத்தான்டா காலு வலி தெரியும். எது நிறுத்துனா என்னா? நின்னுச்சா இல்லியா, அதச் சொல்லு.’

நைனா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. நான் ஒரு நாளும் அந்த நடை நடந்ததில்லை. நடக்காதவன் வலியைப் பற்றி எழுதும்போது அதில் அழகைச் சேர்த்துவிடுகிறான், எதிர்ப்பு இல்லாமல் வந்த நிம்மதியைக் குறைத்துப் பேசுகிறான். படித்த நமக்கெல்லாம் இந்த வியாதி உண்டு, தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு ஆற்று மணலில் நடக்க வேண்டியதில்லை என்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் நின்றதும் தீர்ந்ததும் ஒன்றா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2019-ல் தாத்தா செத்தபோது அந்தக் கேள்வி வேறு மாதிரி திரும்பி வந்தது.

அவர் செத்த சேதியை நான் வாட்சப்பில் போட்டேன். பத்து நிமிசத்தில் எல்லோருக்கும் போய்விட்டது. நாற்பது வருசம் சாவுச் சேதி சுமந்த மனுசனின் சாவுக்கு ஒருவரும் ஓரடி நடக்கவில்லை. தம்பி துபாயில் இருந்தான். அங்கே வாட்சப்பில் சேதி அனுப்பலாம், பேச முடியாது. அந்த நாட்டில் அனுமதி வாங்கிய செயலிகளில்தான் இணைய அழைப்பு எடுக்கும். போட்டிம் என்ற ஒன்றில் வந்தான். தாத்தாவின் முகத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘கால காட்டுண்ணா’ என்றான். காட்டினேன். ரெண்டு கட்டை விரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்குமேல் அவன் பேசவில்லை, படம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஊர்த் தெருவிலிருந்து நைனாவுக்குப் போன் வந்தது. ‘என்னாடா, ஒப்பன் பூட்டானாமே. நல்ல மனுசன்டா.’ அவ்வளவுதான். யார் யார் வீட்டுச் சாவுக்கெல்லாம் தாத்தா போனாரோ அந்த வீடுகளிலிருந்து ஒருவரும் சேரிக்கு வரவில்லை. முன்பு மட்டும் வந்தார்களா என்றால், வீட்டு வாசலுக்கு வர மாட்டார்கள்தான். ஆனால் புளியமரம் வரைக்கும் வந்து, கோடித் துணிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிற வழக்கமாவது இருந்தது. செல்போன் தாத்தாவின் நடையை மட்டுமா மிச்சம் பண்ணியது? அவர்களுடைய நடையையும் மிச்சம் பண்ணிவிட்டது. ஊரிலிருந்து சேரிக்கு இருக்கிற அந்த அரை பர்லாங் தூரத்தை எந்தக் காலத்திலும் நடக்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டது.

மற்றவர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அது யோக்கியமில்லை. என் கதையும் உண்டு. 2020-ல் ஊரடங்கு வந்தபோது சென்னையிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தினமும் காலையில் ஆபீஸ் கூட்டம், காமிராவைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருகிற சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் நைனா மாட்டிய அம்பேத்கர் படம், நீலக் கோட்டு, கையில் புத்தகம். முதல் நாள் கூட்டத்துக்கு முன்னால் திரையில் என் முகத்தைப் பார்த்தேன், முகத்துக்கு மேலே அவரைப் பார்த்தேன். பின்னணியை மங்கலாக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். நீலமாக ஒரு புகை மட்டும் தெரிந்தது.

எனக்குள் சமாதானம் தயாராக இருந்தது. எல்லோரும்தான் மங்கலாக்குகிறார்கள், வீடு கலைந்து கிடக்கிறது, அம்மா குறுக்கே போவாள். எல்லாம் பொய். ஆபீசில் யாரும் என் சாதியைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்காமல் சொல்லாமல் இருந்த அந்த ஏற்பாட்டை இயந்திரம் எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தது. ஊர்க்காரன் ‘தப்பு’ என்று சொல்லாமல் தப்பித்த மாதிரியே, நான் ‘இவன்தான் நான்’ என்று சொல்லாமல் தப்பித்தேன். மூணு மாசம் அந்தப் பொத்தானை அணைக்கவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பயம் வீண் பயம் என்றும் சொல்ல முடியாது. 2015 மே மாதம் மகாராஷ்டிராவில், ஷீரடியில், நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞரை அடித்தே கொன்றார்கள். கல்யாணத்துக்கு வந்த பையன். அவனுடைய செல்போனில் அம்பேத்கரைப் பற்றிய பாட்டு ரிங்டோனாக அடித்தது. அதுதான் காரணம். எல்லோர் சட்டைப்பையிலும் ஒரே மாதிரியான கருவிதான் இருக்கிறது. அதில் எந்தச் சத்தம் வரலாம் என்பதை இன்னும் தெருதான் முடிவு பண்ணுகிறது. எங்கள் காலனிப் பையன்கள் டீக்கடைக்குப் போகும்போது செல்லை சைலன்ட்டில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நைனாவின் செல்போனுக்கு வருகிறேன்.

எழவு சொல்வது நின்றது, மேளம் நிற்கவில்லை. முன்பு புளியமரத்தடியில் வந்து நின்ற குரல் இப்போது நைனாவின் சட்டைப்பைக்குள் வந்து நிற்கிறது. ‘டேய், நாளைக்கிக் காத்தால ஆறு பேரு வந்துருங்கடா.’ போன் வந்ததும் நைனா என்ன செய்வார் தெரியுமா? கட்டிலில் உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்பார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். அப்புறம்தான் ‘சொல்லுங்க ஆண்ட’ என்பார். எதிரே ஆளில்லை. சுவர்தான் இருக்கிறது. அவன் பார்க்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

இப்படிக் காதுக்குள்ளே நடக்கிற அவமானத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், இழிவுபடுத்துவதும் சாதிப் பேர் சொல்லித் திட்டுவதும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருந்தால்தான் குற்றம். பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில், செல்போனில் சாதி சொல்லித் திட்டியதை வேறு யாரும் கேட்கவில்லை, அதனால் இந்தச் சட்டப்படி குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் வேறொரு வழக்கில், இணையத்தில் போட்ட இழிவான வீடியோவை யார் எப்போது திறந்தாலும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகத்தான் அர்த்தம் என்றது. இரண்டும் வேறு வேறு சங்கதிதான். நான் வக்கீல் இல்லை. ஆனால் நைனா எழுந்து நின்றதை எந்தப் பார்வையில் சேர்ப்பது? ‘டேய்’ என்பது சாதிப் பேர்கூட இல்லையே.

நாற்பது வருசம் மேளம் அடித்ததில் நைனாவுக்குக் காது மந்தம். அதனால் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார். எதிரே பேசுகிறவனுக்கு இது தெரியாது. அவன் நைனாவின் காதில் பேசுவதாக நினைத்துக்கொண்டு சேரித் தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தான். போன வருசம் தம்பி லீவில் வந்திருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது. தம்பி எட்டி நின்றபடியே சொன்னான்:

‘ஸ்பீக்கர்ல கீதுங்க. நாங்க ஒரு பத்து பேரு கேட்டுக்கினு இருக்கறம். சொல்லுங்க.’

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நைனா செல்லைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குரல் வந்தது: ‘இல்லப்பா... நாளைக்கி முடிஞ்சா வாங்கப்பா.’

அந்த ‘ப்பா’ எங்கிருந்து வந்தது? வெட்கத்திலிருந்தா, பயத்திலிருந்தா, பத்துப் பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கிலிருந்தா? தம்பிக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. விசில் அடித்துக்கொண்டே வெளியே போனான். மறுநாள் மேளத்துக்கு யாரும் போகவில்லை. நைனாதான் போன் போட்டுச் சொன்னார், முடியாது என்று. ‘ஒடம்பு முடியல ஆண்ட’ என்று சொன்னார். தம்பிக்கு அதில் கோபம். எனக்கு இல்லை.

அதைச் சொல்லும்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். துண்டு அக்குளில் இருந்தது. போனை வைத்த பிறகு கேட்டேன்:

‘முடியாதுன்னு சொல்றதுக்குமா எழுந்து நிக்கணும் நைனா? ஒக்காந்துகினு சொல்லக்கூடாதா?’

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

‘ஒக்காந்தா கொரலு வரமாட்டேங்குதுடா’ என்றார்.