அளைமறிபாப்பு

செய்யுளின் கடைசியில் நிற்கும் சொல் இடைக்கும் முதலுக்கும் ஏறிப் பொருள் கொள்ளப்படுவதற்கு நன்னூல் தரும் பெயர் அளைமறிபாப்பு. வளைக்குள் புகும் பாம்பு தலையை மடக்கிக்கொள்வதுபோல. எட்டுப் பொருள்கோள்களில் ஆற்றுநீர் நன்னிலத்துக்காரனுக்குச் சுலபம்; மேலிருந்து கீழே, மதகு திறந்த வரிசையில். அடிமறிமாற்றுதான் வெகுநாள் என்னைத் தொந்தரவு செய்தது. எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது என்றால், கவிஞன் ஒன்றை முதலில் எழுதியதற்கு என்ன அர்த்தம்?

புரத வேதியியலில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. புரதம் அமினோ அமிலங்களால் கோத்த சங்கிலி. கோத்த வரிசையே மடிப்பைத் தீர்மானிக்கிறது என்று காட்டிய ஆன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை 1963லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் வரைந்து காட்டிவிட்டார்கள். வரிசைதான் விதி என்று தோன்றும்.

ஆனால் நம் கொல்லைத் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஜாக் பீன் விதையில் கான்கனவாலின் ஏ என்றொரு புரதம். 237 கண்ணிகள். இன்று 119ஆவதாக நிற்பதில்தான் சங்கிலி முதலில் தொடங்கியது. விதை அதை நடுவில் வெட்டி, பழைய வாலைப் பழைய தலையோடு ஒட்டிவிடுகிறது. வரிசை புரண்டிருப்பது 1979இல் தெரியவந்தது. விதைக்குள்ளேயே இந்த வெட்டும் ஒட்டும் நடப்பது 1985இல். உருவம் கலையவில்லை.

உருவமே கவிதை என்று முடித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இது கொண்டாட்டம். எனக்கு அந்த நிம்மதி இல்லை. ஜாக் பீனில் மடிந்த பிறகுதான் வெட்டு. மடிவதற்கு முன்பே வரிசையை மாற்றினால்? ஸ்பெக்ட்ரின் புரதத்தின் சிறு பகுதி ஒன்றில் இதைச் செய்து பார்த்து 1995இல் எழுதினார்கள். முனைகளை இணைத்து வேறிடத்தில் திறந்தார்கள். இறுதி உருவம் ஏறக்குறைய அதேதான். மடியும் வேகம் மாறிவிட்டது. செல்லுக்குள் இது சின்ன விஷயமல்ல. பாதி மடிந்த சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக் கட்டியாகிவிடலாம்.

முடிவு ஒன்றுதானே என்று சொல்வது யார்? கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவன். நான் பிழைப்புக்குச் செய்வது அதைத்தான். ஒரு விவசாயியின் நெல் பணம் அவர் கணக்கில் மதியம் ஏறியது. உரக்கடைக்கு அவர் கொடுத்திருந்த காசோலை காலையிலேயே திரும்பிவிட்டது. வரவு முந்தியிருந்தால் இரண்டும் நேராகியிருக்கும். அதே இரண்டு தொகைகள், அதே ஒரு நாள்.

"பணந்தான் வந்துட்டுல்ல சார், அப்பறம் ஏன் திருப்புனீங்க?"

நேர வரிசையை விளக்கினேன். விளக்கம் சரியானது, அதுதான் உறுத்தியது. நிரலை வெறும் நிரலாகப் பார்க்கிற என் விமர்சனமும் அந்த விளக்கத்தின் சாதிதானோ என்று பட்டது. கவிதையை முடிந்த பொருளாக மேஜையில் வைத்து, அடிகளை இடம் மாற்றிப் பார்த்து, கெடவில்லை என்கிறோம். முதல் முறை படிக்கிறவன் மூன்றாம் அடியில் நிற்கும்போது நான்காவது அவனுக்கு இன்னும் வரவில்லை என்பது நம் கணக்கில் சேர்வதில்லை. அடிமறிமாற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் பொருள் கெடாது என்றார்கள். படிக்கிறவனுக்கு ஒன்றும் நேராது என்று சொல்லவில்லை.

உரக்கடைக்காரர் இப்போது அவரிடம் ரொக்கம்தான் கேட்கிறாராம்.