எந்திரத்தின் வாக்குமூலம்

(சீடன் பகலில் மென்பொருள் சோதிப்பவன். சனிக்கிழமை மாலைகளில் பெரியவர் ஒருவரிடம் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பாடம் கேட்கிறான். பாடம் இன்னும் அளவைப் பகுதியை, அதாவது எதையும் எப்படி அறிகிறோம் என்ற பகுதியை, தாண்டவில்லை. தாண்டாததற்குக் காரணம் இதுபோன்ற பேச்சுகள்தான்.)

சீடன்: ஐயா, பாடத்துக்கு முன்னால் ஒன்று. எங்கள் அலுவலகத்தில் ஒருவர், தாம் எடுக்காத பணத்தை எடுத்ததாக வங்கிக் கணக்கில் காட்டுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் சொன்னார்: “நீங்க மறந்திருப்பீங்க சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.” அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

குரு: சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்? பொய் சொல்ல ஓர் உள்நோக்கம் வேண்டும். எந்திரத்துக்கு அது ஏது?

சீடன்: அப்படியானால் ஏற்கிறீர்களா?

குரு: பொய் சொல்லாது என்பதை ஏற்கிறேன். ஆகவே அது சொல்வது உண்மை என்பதை ஏற்கவில்லை. அந்த ஒரு ‘ஆகவே’யை நம்பித்தான் பிரிட்டனில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள்.

சீடன்: அஞ்சலக வழக்குதானே? தொலைக்காட்சித் தொடராகக்கூட வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

குரு: 2024 ஜனவரியில் வந்தது. நான் விசாரணை ஆணையத்தின் சாட்சியங்களையே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. அங்கே அஞ்சலகக் கிளைகள் பெரும்பாலும் அரசு ஊழியர் நடத்துபவை அல்ல. மளிகைக்கடையோ பத்திரிகைக் கடையோ வைத்திருப்பவர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கடையின் ஒரு மூலையில் அஞ்சல் கவுன்ட்டரும் நடத்துவார். அவருக்கும் சப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். தம் கவனக்குறைவாலோ தவறாலோ பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். எதனால் குறைந்தாலும் கட்ட வேண்டும் என்று அஞ்சலகம் அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டது. 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கிளைகளுக்கு வந்தது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சுவின் துணை நிறுவனம். காகிதத்தில் பல ஆண்டுகளாக ஒழுங்காக வந்த கணக்கு, இப்போது உதைக்க ஆரம்பித்தது. இரவு முழுக்கக் கூட்டிப் பார்த்தாலும் சில நூறு பவுண்டு குறையும். அடுத்த வாரம் சில ஆயிரம். உதவி எண்ணைக் கூப்பிட்டவர்கள் பலருக்குக் கிடைத்த பதில்: “உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது.”

சீடன்: எல்லோரிடமும் அதையே சொன்னார்களா?

குரு: பலர் அப்படித்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. 2010-ல் ஒரு கர்ப்பிணி சிறைக்குப் போனார். தற்கொலை செய்துகொண்ட பதின்மூன்று பேரின் முடிவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த ஆணைய அறிக்கை சொல்கிறது. இப்போது பாடத்துக்கு வருவோம். அளவைகளைச் சொல்.

சீடன்: சித்தியார் பத்தைச் சொல்லி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடும்.

குரு: ஹொரைசன் திரையில் ‘இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது’ என்று வருகிறது. இது மூன்றில் எது?

சீடன்: காட்சிதான். கண்ணால் பார்க்கிறோமே.

குரு: எதைப் பார்க்கிறாய்?

சீடன்: குறைவை… இல்லை, எண்ணைப் பார்க்கிறேன். குறைவு என்பது அந்த எண் சொல்லும் செய்தி.

குரு: சொல்வது யார்?

சீடன்: நிரல். அதாவது நிரலை எழுதியவர்கள். ‘இன்ன பொத்தானை அழுத்தினால் இன்ன தொகையைக் கூட்டு’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள்.

குரு: அப்படியானால் அது உரை. அந்த அறையில் இல்லாத, பெயர் தெரியாத சிலருடைய வாக்கு, கண்ணாடிக்குப் பின்னால் ஒளிர்வதால் காட்சிபோல் தெரிகிறது. உரையை அளவையாக ஏற்க நம் தர்க்கம் என்ன நிபந்தனை வைக்கிறது?

சீடன்: சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். பொருளை உள்ளபடி அறிந்தவர். அறிந்ததை மறைக்காமல் சொல்பவர். விருப்பு வெறுப்பு இல்லாதவர்.

குரு: ஒவ்வொன்றாகப் பார். உள்ளபடி அறிந்தவரா? நீ சோதிப்பவன், நீ சொல்.

சீடன்: பிழையே இல்லாத பெரிய மென்பொருள் கிடையாது ஐயா. தெரிந்த பிழைகளுக்கு என்றே நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருப்போம். சிலவற்றைச் சரிசெய்வோம், சிலவற்றை ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவோம்.

குரு: ஃபுஜிட்சுவிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. வழக்கில் அதை வெளியே கொண்டுவருவதற்குள் கிளைக்காரர்கள் படாதபாடு பட்டார்கள். அதில் வெளிவந்த ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்று ஓர் ஊர். 2015-ல் அங்கே எட்டாயிரம் பவுண்டு ரொக்கம் வந்து சேர்ந்ததைப் பதிவுசெய்ய என்டர் விசையை அழுத்தினார்கள். திரை அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார்கள். நான்கு முறை பதிவானது. இருபத்துநான்காயிரம் பவுண்டு குறைவதாகக் கணக்கு காட்டியது.

சீடன்: டபுள் சப்மிட்! வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பிழை ஐயா அது. ஒரு முறை அழுத்தியதும் பொத்தானை முடக்க வேண்டும். அதே உறை எண் மறுபடி வந்தால் தள்ளிவிட வேண்டும். இதைக்கூடவா…

குரு: இதைக்கூடத்தான். அடுத்தது, மறைக்காமல் சொன்னார்களா? கிளைக் கணக்கில் வெளியிலிருந்து யாரும் கைவைக்க முடியாது என்று அஞ்சலகம் பல ஆண்டுகள் அடித்துச் சொன்னது. ஃபுஜிட்சு ஊழியர்கள் கிளைக்காரருக்குத் தெரியாமலே பதிவுகளைச் செருக முடியும் என்பது 2019 வழக்கில் உறுதியானது. விருப்பு வெறுப்பு பற்றிக் கேட்கவே வேண்டாம். பணம் போனது எனக்கு என்றவர்கள் அஞ்சலகத்தார். துப்பறிந்தவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் தனியாரும் குற்றவழக்கு தொடுக்கலாம் என்பதால், பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தவர்களும் அவர்களே.

சீடன்: இன்னொரு தாவலும் இருக்கிறது ஐயா. குறைவு என்றது மென்பொருள். ‘திருட்டு’ என்றது மனிதர்கள். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல.

குரு: நல்லது. ஆனால் அங்கே புகையும் வரைந்த புகை. கருதலுக்கு ஏதுவே பிழைபட்டால் முடிவு எங்கே நிற்கும்?

சீடன்: ஒன்று புரியவில்லை. கணக்கு தவறு என்று தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்? பொய்க்கணக்கு எழுதியதாகப் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்களே.

குரு: இதற்குத்தான் உன்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தேன். கணக்குக் காலம் முடியும்போது திரை சில வழிகளைக் காட்டும். பணத்தை இப்போதே கட்டுகிறேன். அல்லது தலைமையகத்தோடு தீர்த்துக்கொள்கிறேன். இப்படித்தான். ‘இந்தத் தொகையை நான் மறுக்கிறேன்’ என்பதற்குத் திரையில் அப்போது இடமே இருக்கவில்லை. முன்பு சந்தேகத் தொகையை ஒதுக்கிவைக்க உள்ளூர்க் கணக்குத் தலைப்பு ஒன்று இருந்தது. 2005 வாக்கில் அதையும் எடுத்துவிட்டார்கள். கணக்கை முடிக்காமல் அடுத்த கணக்குக் காலத்தைத் தொடங்க முடியாது. முடித்தால், கையில் இல்லாத பணம் இருப்பதாகக் கையெழுத்திட்டதாக ஆகும். பிறகு அந்தக் கையெழுத்தைக் காட்டியே பொய்க்கணக்கு வழக்கு. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், இதையாவது ஒப்புக்கொள் என்று பேரம்.

சீடன்: உதவி எண்ணில் மறுப்பைச் சொல்லலாமே?

குரு: சொன்னார்கள். “உங்களுக்கு மட்டும்தான்.”

சீடன்: …

குரு: சர்வாதிகார அரசு என்றால் தடியடியும் தணிக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. குடிமை உரிமைகள் பற்றி எழுதுபவர்களும் அவற்றைத்தான் எழுதுகிறார்கள். இங்கே தடியும் இல்லை, தணிக்கையும் இல்லை. ஒரு பொத்தான் இல்லை, அவ்வளவுதான். காகிதப் பேரேட்டில் ஓரத்தில் ‘எனக்கு இது சம்மதமில்லை’ என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். காகிதம் உன்னைத் தடுக்காது. திரைக்கு ஓரம் கிடையாது. வைத்தவர் வைத்த கட்டத்தில்தான் நீ பேச வேண்டும். அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் சட்டமன்றத்தில் வாக்களித்தவரும் அல்ல.

சீடன்: ஆனால் நீதிமன்றம் இருந்ததே ஐயா. அங்கே மறுக்கலாமே?

குரு: அங்கேயும் ஒரு கதவை அதற்குள் மூடியிருந்தார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, கணினி ஆவணத்தைக் குற்றவழக்கில் சாட்சியாக வைப்பவர், அந்தக் கணினி அப்போது ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். இது வீண் சுமை, ஒவ்வொரு வழக்கிலும் இழுவை என்று சட்ட ஆணையம் பரிந்துரைக்க, 1999-ல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதன்பிறகு, மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்பது அனுமானம். ஆண்டைக் கவனி. ஹொரைசன் கிளைகளுக்குப் போன அதே ஆண்டு.

சீடன்: மாறாகக் காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். காட்டத் தேவையான பிழைப் பட்டியலோ குற்றம் சாட்டியவர் பக்கம்.

குரு: ஆமாம். காய்கறிக் கடைக்காரர் தராசுக்கு அரசு முத்திரை வைத்திருக்கிறாரா என்று நம் ஊரில் சோதனை போடுகிறார்கள். தராசு தப்பாது என்று முன்கூட்டியே யாரும் அனுமானிப்பதில்லை. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பும் எந்திரத்துக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதே 2025-ல்தான்.

சீடன்: நம் நாட்டில்?

குரு: வேடிக்கை அதுதான். 2000-ல் நம் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 65பி பிரிவு, 1968-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் ஒன்றை ஒட்டி எழுதியது. அவர்கள் தூக்கிப்போட்டதை நாம் எடுத்துவைத்துக்கொண்டோம். கணினி ஒழுங்காக இயங்கியது என்று பொறுப்பானவர் சான்றிதழ் தர வேண்டும். அது கட்டாயம் என்று 2014-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு நிபுணரின் கையெழுத்தையும் ஹாஷ் எண்ணையும் சேர்த்துக் கேட்கிறது. ஹாஷ் என்றால் என்ன என்று நீ சொல்.

சீடன்: கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆகவே நகல் மாறவில்லை என்பதற்கு உறுதி. ஆனால் ஐயா, மூலமே தப்பாகக் கூட்டியிருந்தால், அந்தத் தப்பு சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்தது என்பதற்கும் அதேதான் உறுதி! டால்மெலிங்டன் கணக்குக்கு அழகான ஹாஷ் கொடுக்கலாம்.

குரு: நம் சட்டம் கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. பதிலாக ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு திருப்தி அடைகிறது என்பதுதான் என் குறை.

சீடன்: இங்கே நான் எதிர்க்கட்சி எடுக்கிறேன். எல்லாத் திரையையும் சந்தேகித்தால் உலகம் நின்றுவிடும். வங்கிக் கணக்கு, கேமராப் பதிவு, டோல்கேட் ரசீது… ஒவ்வொன்றுக்கும் மூலநிரலைக் கொண்டுவா என்றால் ஒரு வழக்கும் முடியாது. அந்தச் சட்ட ஆணையம் முட்டாள்தனமாகப் பேசவில்லை.

குரு: இல்லை, பேசவில்லை. ஐயம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. டோல்கேட் ரசீதை எனக்கு எதிராக நீட்டுபவருக்கும் அந்த எந்திரத்துக்கும் சம்பந்தமில்லை என்றால், நம்பிவிட்டுப் போ. எந்திரத்துக்குச் சொந்தக்காரரே குற்றம்சாட்டுபவராக வரும்போது அனுமானம் தலைகீழாக வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், குடித்து வண்டி ஓட்டியவரைப் பிடிக்கும் மூச்சுச் சோதனைக் கருவியின் மூலநிரலை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். குறைகள் அகப்பட்டன. 2008-ல் மாநில உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு கருவியைத் தொடர அனுமதித்தது. வானம் இடிந்து விழவில்லை. குடிகாரர்கள் எல்லோரும் தப்பியும் போகவில்லை.

சீடன்: அஞ்சலக வழக்கு எப்படித் திரும்பியது?

குரு: ஆலன் பேட்ஸ் என்றொருவர், வேல்ஸில் கிளை நடத்தியவர். 2003-ல் ஒப்பந்தத்தைப் பறித்தார்கள். காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்தார். ‘எனக்கு மட்டும்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்த மற்றவர்களைத் தேடிப்பிடித்தார். 2009-ல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. கடைசியில் 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில்தான் 2019-ல் நீதிபதி ஃப்ரேசர், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் முப்பத்தொன்பது பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தானது. மீதியை ரத்துசெய்ய 2024 மே மாதம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் போட்டுத் தீர்ப்புகளை அழிப்பது நல்ல முன்மாதிரியா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. அது வேறு பாடம். இப்போது உன் வேலைக்கு வா. இந்த வாரம் எதைச் சோதிக்கிறாய்?

சீடன்: ஒரு கூரியர் நிறுவனத்துக்கான செயலி. டெலிவரி செய்பவர்கள் மாலையில் வசூல் கணக்கை முடிக்கும் திரை.

குரு: தொகை உதைத்தால்?

சீடன்: ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

குரு: இன்னொரு பொத்தான்?

சீடன்: தேவைப் பட்டியலில் இல்லை ஐயா. பட்டியல் தருவது கிளையன்ட்.

குரு: திரைமுன் உட்காரப்போவது கிளையன்ட்டா?

சீடன்: இல்லை. ஆனால் மறுக்கும் பொத்தான் வைத்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்பார்கள்.

குரு: அழுத்தட்டுமே. மறுத்தால் வென்றதாகுமா? யாராவது ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டியதாகும், அவ்வளவுதான். தொகை சரியென்றால் பிடித்துக்கொள்ளட்டும்.

சீடன்: திங்கட்கிழமை இதையே ஒரு பிழையாகப் பதிவுசெய்கிறேன். ‘இது பிழையல்ல, வடிவமைப்பே இப்படித்தான்’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

குரு: தேதியோடு மூடுவார்களா?

சீடன்: தேதி, நேரம், மூடியவர் பெயர் எல்லாம் பதிவாகும்.

குரு: அப்படியானால் எழுது. அந்த 555 பேரின் வழக்கறிஞர்கள் கேட்டுக்கேட்டு வாங்கியது ஃபுஜிட்சுவின் அந்த மாதிரிப் பதிவுகளைத்தான். சரி, புத்தகத்தைப் பிரி. ஐயக் காட்சியில் நிறுத்தினோமா, திரிபுக் காட்சியிலா?