கட்டியவர் யார்?

பபிலோனிய மன்னன் ஹமுராபி ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் கல்லிற் பொறிப்பித்த சட்டங்களுள் வீடு கட்டுவோரைப் பற்றிய சில விதிகளும் உள்ளன. ஒருவன் உறுதியற்ற முறையில் வீட்டைக் கட்டி, அது இடிந்து வீட்டுக்காரன் இறப்பானாயின், கட்டியவன் கொல்லப்படல் வேண்டும். வீட்டுக்காரனின் மகன் இறப்பானாயின் கட்டியவனின் மகன் கொல்லப்படல் வேண்டும். அடிமை இறப்பானாயின் அடிமைக்கு ஈடாக வேறோர் அடிமையைக் கொடுத்தாற் போதும். மனித உயிரை அவரவர் நிலைக்கேற்ப விலைமதித்த அக்காலச் சமுதாயத்தின் கொடுமை இவ்விதிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. தந்தையின் பிழைக்காக மகனைக் கொல்வதை இன்று எவரும் நீதி என்று கூறார். எனினும், இச்சட்டத்தை இயற்றியோருக்கு ஓர் ஐயம் மட்டும் இருக்கவில்லை. கட்டியவன் யார் என்பது அவர்களுக்கு ஐயந்திரிபறத் தெரிந்திருந்தது.

அது இன்று நமக்குத் தெரியுமா? வரைபவர் ஒருவர், கணக்கிடுபவர் இன்னொருவர், பொருளை உற்பத்தி செய்பவர் மற்றொருவர், ஒப்பந்தம் எடுப்பவர் வேறொருவர், அவரிடமிருந்து துணை ஒப்பந்தம் பெறுபவர் பிறிதொருவர் எனத் தொழில் பிரிந்துவிட்ட ஒரு காலத்தில், ஒரு வீடு அதில் வாழ்வோரைக் கொன்றுவிடுமானால் அப்பழி எவரைச் சாரும்? தொழில் பிரியும்போது அறப்பொறுப்பும் சேர்ந்து பிரிந்துவிடுமா? இவ்வினாவை அந்தரத்தில் வைத்து ஆராய்வதிற் பயனில்லை. நம் காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் வைத்தே அதனை ஆராய்தல் தகும்.

இலண்டன் மாநகரின் மிகச் செல்வம் படைத்த பகுதிகளுள் ஒன்று கென்சிங்ரன்-செல்சி. அதன் வடபுறத்தில், உழைக்கும் மக்களும் பல நாடுகளிலிருந்து குடியேறியோரும் வாழ்ந்த 24 மாடிகள் கொண்ட கிறென்ஃபெல் கோபுரம் நின்றது. 1974ஆம் ஆண்டில் நகரசபையின் பொதுக் குடியிருப்பாகக் கட்டி முடிக்கப்பட்டது அது. 2017ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகுமுன், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியருகே தீ எழுந்தது. வீடுகளில் அன்றாடம் நிகழும் சிறு விபத்துக்களில் ஒன்றாக அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் யன்னல் வழியே வெளியேறிய தீ கட்டடத்தின் புறச்சுவரைப் பற்றிக்கொண்டு, அரைமணி நேரத்துள் உச்சிமாடியை எட்டியது. தத்தம் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு குடியிருப்பாளர்க்குக் கூறப்பட்ட ஆலோசனை ஏறத்தாழ இரண்டரை மணிவரை மாற்றப்படவில்லை. இறந்தோர் 72 பேர். அவர்களுள் 18 பேர் குழந்தைகள்.

எரிந்தது கோபுரத்தின் கொங்கிறீற்றுச் சுவரன்று. அதன்மேல் 2016ஆம் ஆண்டிற் போர்த்தி முடிக்கப்பட்ட புதிய போர்வை. இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கை ஒட்டிச் செய்த பலகைகள் அவை. குளிர்காலத்தில் வீடுகள் வெப்பம் இழக்காதிருக்க வேண்டும் என்பது அத்திருத்த வேலையின் நோக்கங்களுள் ஒன்று. அது நல்ல நோக்கமே. சுற்றுப்புறத்திலிருந்து பார்ப்போரின் கண்ணுக்குப் பழைய கோபுரம் எவ்வாறு தோன்றும் என்பதும் திட்ட ஆவணங்களிற் கருதப்பட்டது. முதலில் எண்ணியிருந்தது துத்தநாகப் பலகை. அதனை விடுத்து அலுமினியப் பலகைக்கு மாறியதால் மிச்சமான தொகை 3 இலட்சம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு எழுதப்பட்டது. அது எரியுமா என்ற வினா எழ வேண்டிய இடத்தில் எழவில்லை.

ஏன் எழவில்லை? நீதியரசர் மாட்டின் மூர்-பிக் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் இறுதி அறிக்கை 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட அவ்வறிக்கை இவ்வினாவுக்குத் தரும் விடை நெஞ்சை உறுத்துவது. பலகையின் தன்மையை ஆராய்வது தமது வேலையன்று என்று ஒவ்வொருவரும் கருதியிருந்தனர். கட்டடக்கலை நிறுவனம் தீயியல் ஆலோசகரையும் துணை ஒப்பந்தகாரரையும் நம்பியிருந்தது. துணை ஒப்பந்தகாரர் கட்டடக் கலைஞரையும் நகரசபை அதிகாரிகளையும் நம்பியிருந்தார். தலைமை ஒப்பந்தகாரர் தமக்குக் கீழுள்ளோர் பார்த்துக்கொள்வர் என்றிருந்தார். தீயியல் ஆலோசகரின் அறிக்கையோ, வெளிப்புறத் தீப்பரவல் பற்றிய முடிவைப் பின்னர் வரும் பதிப்பில் உறுதிசெய்வதாகக் கூறியிருந்தது. அப்பதிப்பு வரவேயில்லை. அது எங்கே என்று கேட்டுப் பெறுவோரும் இருக்கவில்லை.

இச்சங்கிலியின் இரு முனைகளில் நின்றோரோ அறியாதோர் அல்லர். பலகையையும் வெப்பக் காப்புப் பொருளையும் விற்ற நிறுவனங்கள் சோதனைகளிலும் விளம்பரத்திலும் திட்டமிட்ட நேர்மையீனத்தோடு நடந்துகொண்டன என்று விசாரணை முடிவுசெய்தது. அரசின் சார்பில் 2001ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட ஒரு சோதனையில் இவ்வகைப் பலகை மூர்க்கமாக எரிந்தது, அம்முடிவு வெளியிடப்படவில்லை. 2009ஆம் ஆண்டில் தென் இலண்டனின் லக்கனால் மாடிக்குடியிருப்பில் மூண்ட தீயில் ஆறு பேர் மாண்டனர். தீப்பாதுகாப்பு விதிகளின் விளக்கத்தைத் தெளிவாக்குமாறு மரண விசாரணை அதிகாரி 2013ஆம் ஆண்டில் அமைச்சரைக் கேட்டுக்கொண்டார். விதிகளைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த அரசுக்கு அக்கோரிக்கை அவசரமானதாகப் படவில்லை.

இத்தகைய நிகழ்ச்சியின் முன் இருவகை விடைகள் எளிதிற் பிறக்கும். குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டித்துவிட்டால் நீதி நிலைபெற்றுவிடும் என்பது முதலாவது. இது ஹமுராபியின் விடையின் நவீன வடிவம். ஏழாண்டுகள் கழிந்து இறுதி அறிக்கை வெளிவந்தபோது அத்தீயின் காரணகர்த்தாக்கள் என ஒருவர்மீதேனும் குற்றப்பத்திரம் தாக்கலாகியிருக்கவில்லை என்பதை எண்ணும்போது, தண்டனை கோரிய உறவினரின் ஆவேசம் முற்றிலும் நியாயமானதே. ஆயினும், ஒருவரைச் சிறையிலிட்ட பின்னரும் அதே ஒப்பந்த முறை, அதே விலைப்போட்டி, அதே மௌனம் தொடருமானால் அடுத்த கோபுரமும் எரியக்கூடும்.

இரண்டாவது விடை முற்போக்காளராகிய நமக்கு மிகவும் பழக்கமானது. வீடு வாழ்விடமாக இல்லாமற் பண்டமாகிவிட்ட சமுதாய அமைப்பே குற்றவாளி. தனிமனிதர் அதன் பற்சக்கரங்கள் மாத்திரமே என்போம். இவ்விடையில் உண்மை நிரம்ப உண்டு. ஒப்பந்தம் ஒவ்வொருவருடைய வேலைக்கும் எல்லை வகுக்கிறது. எல்லைக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டால் நேரம் செல்லும். நேரம் சென்றாற் பணம் செல்லும். பணம் சென்றால் அடுத்த வேலை போட்டியாளரிடம் போய்விடும். எனவே கேளாதிருப்பதற்கே கூலி கிடைக்கிறது. செங்கல்லும் சீமெந்தும் போல அறியாமையும் அங்கு ஓர் உற்பத்திப் பொருளாகிறது.

ஆனால் இவ்விடையோடு நின்றுவிடுவோமாயின், பழியைத் தட்டிக்கழித்த ஒவ்வொருவருக்கும் நாமே தப்பும் வழியைத் திறந்துவிட்டவராவோம். "என் வேலையன்று" என்று நிறுவன அதிகாரி கூறுவதற்கும், "அமைப்பின் குற்றம்" என்று நாம் கூறி நிறுத்திக்கொள்வதற்கும் விளைவளவில் வேற்றுமை குறைவு. இரண்டிலும் குறித்த ஒரு மனிதர், குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு மேசையின்முன் அமர்ந்து எடுத்த முடிவு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அமைப்பு தானே பேனாவை எடுத்துக் கையொப்பமிடுவதில்லை. அமைப்பு மனிதர் மூலமே இயங்குகிறது. ஆதலால் மனிதர் மறுக்கும் இடத்தில் அது தடைப்படவும் செய்கிறது. தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு முழுவதும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

கிறென்ஃபெல் திருத்த வேலையை வரைந்த ஸ்ரூடியோ ஈ என்னும் நிறுவனத்துக்கு உயர்ந்த கட்டடமொன்றுக்குப் போர்வையிட்ட அனுபவம் முன்னர் இருந்ததில்லை. அருகே எழுந்த பாடசாலையையும் விளையாட்டு நிலையத்தையும் வரைந்த நிறுவனம் என்பதால் இவ்வேலையும் அதனிடம் வந்தது. அனுபவம் இல்லாமை குற்றமன்று. எவரும் ஒருமுறை முதன்முறையாகச் செய்தே ஆகவேண்டும். ஆனால் தனக்குத் தெரியாதது எது என்று தேடாமை குற்றம். அந்நிறுவனம் இப்பேரழிவுக்கு மிகக் கணிசமான அளவு பொறுப்புடையது என்றே விசாரணை கூறியது. தொழிலைப் பகிரலாம், அறிவையும் பகிரலாம். "இதனுள் உறங்குவோர் காலையில் உயிருடன் எழுவரா?" என்று கேட்கும் கடமையைப் பகிர முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டினால் அக்கடமை பத்திலொரு பங்காகக் குறைவதில்லை. பத்துப் பேரிடமும் முழுமையாகவே இருக்கிறது.

அக்கேள்வியைக் கேட்டோரே இல்லையா? இருந்தனர். கோபுரத்தில் வாழ்ந்தோரே கேட்டனர். தீப்பாதுகாப்புப் பற்றி மீண்டும் மீண்டும் முறையிட்ட குடியிருப்பாளர் சிலர், பேரழிவொன்று நேர்ந்தாலன்றி நிருவாகத்தின் அசட்டை வெளிப்படப்போவதில்லை என்று 2016ஆம் ஆண்டு நவம்பரிலேயே எழுதி வெளியிட்டனர். ஏழு மாதங்களில் அது நிகழ்ந்தது. முறையிட்டோரைக் குடியிருப்பை நிருவகித்த அமைப்புத் தொல்லை கொடுப்போராகவே கண்டது. ஏனெனில் அக்கட்டடத்துக்குரிய எந்த ஒப்பந்தத்திலும் அவர்களுடைய கையொப்பம் இல்லை. ஒப்பந்தம் செய்தவர் எவரும் அதில் வாழவில்லை. அதில் வாழ்ந்தவரைக் கேட்டு எவரும் ஒப்பந்தம் செய்யவில்லை. இவ்வினாவின் உயிர்நாடி இதுவே.

செல்வந்த நாட்டின் தலைநகரில் உறங்கிய மக்களுக்கு நேர்ந்தது இது. வறிய நாட்டில் உழைத்த மக்களுக்கு நேர்ந்ததும் இதனின்று வேறன்று. வங்காளதேசத் தலைநகர் டாக்காவின் அருகே சவாரில் எட்டு மாடிகளுடன் நின்ற ராணா பிளாசாவின் சுவர்களில் 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் திகதி வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாட் காலையிற் சம்பளத்தைக் காட்டி மிரட்டித் தொழிலாளரை உள்ளே அழைத்தன. கட்டடம் இடிந்தது, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பைக் கண்டவர் தொழிலாளர். அதன் பொருளை உணர்ந்தவரும் அவரே. இல்லாதிருந்தது, "உள்ளே போகமாட்டோம்" என்று கூறிப் பட்டினியின்றி வீடு திரும்பும் உரிமை. அறிந்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவருக்கு அறியும் அக்கறை இல்லை. இரு கட்டடங்களும் இவ்விடைவெளியிலேயே வீழ்ந்தன.

இவ்விடைவெளியைப் புதிய கருவிகள் நிரப்பிவிடும் என்று நம்புவோர் இன்று பலர். ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் ஆணியையும் கணினியில் முன்கூட்டியே அமைத்துப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு ஒரு மணி நேரத்தில் நூறு வரைபடங்களை நீட்டும். கிறென்ஃபெல் தீயின் பின்னர் ஜூடித் ஹக்கிற் 2018ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, உயர்ந்த கட்டடங்கள் பற்றிய எல்லாத் தகவலையும் வடிவமைப்பு முதற்கொண்டு கணினியிற் பேணும் "பொன்னிழை" ஒன்றைப் பரிந்துரைத்தது. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி அது கட்டாயமாயிற்று. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது இனி மறைதல் கடினம். இது மெய்யான முன்னேற்றம். 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் புறச்சுவரில் எரியும் பொருளைப் பாவிப்பதும் இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் தடைசெய்யப்பட்டது.

ஆயினும் கருவி பதிவு செய்யும், பொறுப்பேற்காது. கிறென்ஃபெல்லிலும் மின்னஞ்சல்களுக்கும் வரைபடங்களுக்கும் குறைவிருக்கவில்லை. பின்னர் விசாரணை அவற்றிலிருந்தே உண்மையைத் தேடி எடுத்தது. இனி "கணினி தவறென்று காட்டவில்லை" என்ற புதியதொரு கண்ணி அப்பழைய சங்கிலியிற் சேருமாயின், கட்டியவர் யார் என்ற வினா மேலும் இருண்டுபோகும்.

எனவே நாம் கோரவேண்டியது மூன்று. தாம் வாழும் கட்டடமும் தாம் உழைக்கும் கட்டடமும் எதனால் ஆனவை என்பதை அறியும் உரிமை. கேட்ட கேள்விக்குப் பெயரும் கையொப்பமும் உடைய ஒரு மனிதரிடமிருந்து விடைபெறும் உரிமை. விடை கிடைக்கும்வரை வேலையை நிறுத்திவைக்கும் உரிமை. புதிய சட்டங்கள் முதலிரண்டை நோக்கிச் சில அடிகள் எடுத்துள்ளன. குடியிருப்பாளரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. மூன்றாவது உரிமை சட்டத்தின் கருணையால் மட்டும் வருவதன்று. குடியிருப்பாளர் சங்கமும் தொழிலாளர் சங்கமும் தம் வலிமையால் வென்றெடுக்க வேண்டியது. அவ்வுரிமை இல்லாதவரை முதலிரண்டும் தாளில் எழுதிய உரிமைகளாகவே எஞ்சும்.

கட்டடக்கலை பயிலும் மாணவர்க்கு அழகு, உறுதி, பயன் என்பவற்றைக் கற்பிக்கிறோம். தம் வரைபடத்தின்மேல் ஒருபோதும் கையொப்பமிடாத, ஆனால் அதனுள்ளே உறங்கப்போகும் மனிதரை நினைக்கவும், தெரியாத இடத்திற் "தெரியாது" என்று உரத்துக் கூறி வேலையை நிறுத்தவும் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும். கிறென்ஃபெல் கோபுரத்தைப் படிப்படியாகக் கழற்றி அகற்றுவதென 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய அரசு அறிவித்து, அவ்வாண்டு செப்டெம்பரில் அவ்வேலை தொடங்கியது. கட்டடத்தை அகற்றிவிடலாம். அது எழுப்பிய வினாவோ, மக்கள் வாழும் ஒவ்வொரு கூரையின் கீழும் விடையை எதிர்நோக்கி நிற்கிறது.