சபையின் மௌனமும் கூட்டத்தின் தீர்ப்பும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்துள்ள உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் திரௌபதை அம்மன் வழிபாட்டினாற் பெயர்பெற்றது. ஆடி மாதத்தில் அங்கு நிகழும் தீமிதிப்பு அவ்வூரின் பெருவிழாவாகும். இவ்வழிபாட்டுக்கு மூலமான பாரதக் கதையிலே, சூதிற் பணயமாக வைக்கப்பட்ட பெண்ணொருத்தி அரசவைக்கு இழுத்துவரப்படுகிறாள். தன்னையே முதலில் தோற்றுவிட்ட ஒருவனுக்குத் தன் மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை எஞ்சியிருந்ததா என்று அவள் வினவுகிறாள். மூத்தோரும் கற்றோரும் நிறைந்த சபை விடை கூறவில்லை. தருமத்தின் நெறி நுட்பமானது என்று கூறி வீட்டுமர் ஒதுங்கிக்கொள்கிறார். துகிலைப் பற்றியது ஒருவனுடைய கையேயாயினும், அக்கைக்கு இடங்கொடுத்தது சபையின் மௌனமாகும்.

தமிழ் மரபு நன்கறிந்த பிறிதொரு கதையில் இதற்கு நேர்மாறான பிழை நிகழ்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் மௌனமாக இருக்கவில்லை. பொற்கொல்லன் சொன்ன மாத்திரத்தே ஆணையிட்டான். களவு நிகழ்ந்தது உண்மை. களவு கொடியது என்பதும் உண்மை. ஆயின் கோவலன் கள்வன் என்பது மட்டும் உண்மையன்று. குற்றத்தின் மீதுள்ள சினம் குற்றவாளி யார் என்னும் வினாவுக்கு விடையாகிவிட்டமையே அங்கு நேர்ந்த அவலத்துக்குக் காரணமாயிற்று.

பெண்ணின் முறையீட்டைக் கேளாதிருத்தல், கேட்டவுடன் ஆராயாது தண்டித்தல் என்னும் இவ்விரு பிழைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுகின்றன. பாலியல் வன்முறை பற்றிய குற்றச்சாட்டொன்று நாடறிந்த செய்தியாகும்போது பொதுமக்கள் அபிப்பிராயம் பெரும்பாலும் இவ்விரு முனைகளுக்கிடையிலேயே ஊசலாடுகிறது. ஒருசாரார் முறையிட்டவளை நம்புவதே அறம் என்பர். மறுசாரார் நிரூபிக்கப்படும்வரை எதையும் நம்பாதிருப்பதே அறம் என்பர். இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்தேயாக வேண்டுமா என்பது ஆராயத்தக்கது.

புத்தளக் கரை இவ்வினாவை ஏட்டளவில் அன்றி, குருதி சிந்திய அனுபவமாகவே அறியும். 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி இலங்கையின் பல பாகங்களிலும் பரவியது. உடலிற் கிறீஸ் பூசிய ஆடவர் இரவில் வந்து பெண்களைத் தாக்குகின்றனர், மானபங்கப்படுத்த முயல்கின்றனர் என்ற முறைப்பாடுகள் மலையகத்திலும் கிழக்கிலும் வடமேற்குக் கரையிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் எழுந்தன. தமிழ்ப் பத்திரிகைகள் அவர்களை 'மர்ம மனிதர்' என்று எழுதின. அது நோன்பு மாதம். ஆண்கள் இரவுத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் சென்றிருக்க, பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் தனித்திருந்த காலம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வந்து குடியேறிய மாவட்டம் புத்தளம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருமுறை வீடிழந்தவர்க்கு வாசற்கதவின் ஓசை மற்றையோர்க்குக் கேட்பதுபோற் கேட்பதில்லை.

பொலிசார் அம்முறைப்பாடுகளுட் பெரும்பாலானவற்றை வதந்தி என்றனர். பிடித்துக் கொடுக்கப்பட்டோர் பாதுகாக்கப்படுகின்றனர் என்ற சந்தேகமோ பல ஊர்களிலும் மக்களிடையே வலுத்தது. மலையகத்துத் தோட்டப் பகுதியொன்றில் இருவர் கூட்டத்தினராற் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 21ஆந் திகதி புத்தளம் நகரில் மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மூண்ட மோதலிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். எந்தப் பெண்ணையும் அவர் தாக்கியதாக எவரும் கூறியதில்லை.

இந்நிகழ்ச்சியைக் கூட்டத்தின் மூடத்தனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆயினும் ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு முறைப்பாட்டையும் தனித்தனியே விசாரியாது 'வதந்தி' என்று பொதுப்படக் கூறுவதும் ஒரு தீர்ப்பேயாகும். முறையிட்ட பெண் பொய்யள் அல்லது பேதை என்பது அத்தீர்ப்பின் பொருள். கையிலகப்பட்டவனைப் 'பூதம்' என்று அடிப்பதும் ஒரு தீர்ப்பு. இரண்டும் விசாரணைக்கு முன்னரே வழங்கப்பட்டவை. எனவே அதிகாரிகளின் ஐயமும் கூட்டத்தின் உறுதியும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றாலும், அவை செய்த பிழை ஒன்றே. அதுமட்டுமன்றி, முதலாவது பிழை இரண்டாவதை வளர்த்தது. தன் சொல் கேட்கப்படும் என்ற நம்பிக்கையுள்ள ஊர் இரவிற் பொல்லெடுப்பதில்லை.

விசாரிப்போரே பொதுமக்களின் அவசரத்துக்கு ஆட்படும்போது நேர்வது யாதென்பதற்கு, புத்தளம் மாவட்டத்தின் தெற்கெல்லையான மகா ஓயாவுக்கு அப்பால், கம்பஹா மாவட்டத்துக் கொட்டதெனியாவவில் 2015 செப்ரெம்பரில் நிகழ்ந்த கொடுமை சான்றாகும். வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த சிறுமியொருத்தி கடத்தப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது, மரண தண்டனையை நிறைவேற்றுக என்ற கோரிக்கை எங்கும் ஒலித்தது. 17 வயது மாணவன் ஒருவனும் வேறொருவரும் முதலிற் கைதாயினர். மரபணுப் பரிசோதனை அவர்களைக் குற்றத்தோடு தொடர்புபடுத்தவில்லை. அடுத்துக் கைதான ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற செய்தி வெளிவந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் அவருடைய சகோதரரது மரபணுவே பொருந்தியது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு மரண தண்டனை விதித்தது.

அவ்வழக்கில் ஒருவர் பின் ஒருவராகக் குற்றவாளி என நாட்டுக்குக் காட்டப்பட்டோர், தடுப்புக் காவலில் தாம் துன்புறுத்தப்பட்டதாக முறையிட்டனர். பொலிசாரிடம் செய்யப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்றலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தமைக்கான காரணம் இங்குத் தெளிவாகிறது. ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்க மறுக்கலாம். ஊர் அதை அன்று மாலையே ஏற்றுக்கொள்கிறது. மரபணுப் பரிசோதனை என்ற ஒன்று இல்லாதிருந்த காலத்தில் அம்மாணவனின் கதி யாதாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். தவறானவன் தண்டிக்கப்படின் உண்மைக் குற்றவாளி வெளியே உலவுவான் என்பதும் மறத்தற்குரியதன்று. ஆதலால் சந்தேகநபருக்குச் செய்யும் நியாயம் பாதிக்கப்பட்டவளுக்குச் செய்யும் நியாயத்தினின்றும் வேறானதன்று.

இவ்வாறு கூறுவதனாற் பொதுமக்கள் அபிப்பிராயம் என்றும் தீயது என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. அதே 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலை மாணவியொருத்தி வன்புணர்ந்து கொல்லப்பட்டபோது, மக்கள் பிடித்து ஒப்படைத்த சந்தேகநபர் ஒருவர் எவ்வாறோ கொழும்புக்குச் சென்றுவிட்டார். மீண்டும் அவர் கைது செய்யப்பட்டமைக்கு மக்களின் கண்காணிப்பும் ஆர்ப்பாட்டமும் காரணமாயின. ஆயின் மே 20ஆந் திகதி அதே சினம் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல்லெறிந்தது. சந்தேகநபர்களுக்காக முன்னிலையாவதில்லை என அங்குள்ள சட்டத்தரணிகள் தீர்மானித்தனர். 2017 செப்ரெம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று எழுவருக்கு மரண தண்டனை விதித்து இருவரை விடுதலை செய்தது. கல்லெறிந்த கூட்டத்திடம் தீர்ப்பு விடப்பட்டிருப்பின் அவ்விருவரைப் பிரித்தறிந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

நீதிமன்றமே தவறிழைத்தபோது பொதுமக்கள் அபிப்பிராயம் அதைத் திருத்தியதற்கும் சான்றுண்டு. மகாராஷ்டிரத்தில் 1972இல் ஆதிவாசிப் பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்தில் வன்புணரப்பட்ட வழக்கிலே, உடலிற் காயமில்லாமையைச் சம்மதத்துக்கு அடையாளமாகக் கொண்டு இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் பொலிசார் இருவரை விடுவித்தது. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர் நால்வர் அத்தீர்ப்பைக் கண்டித்து நீதிமன்றுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதிலிருந்து எழுந்த இயக்கத்தின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. எதிர்ப்புக்கான காயங்கள் இன்றியமையாத சான்றல்ல என்று இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் 1995இல் திருத்தம் பெற்றது. அப்பேராசிரியர் எவர்மீதும் கல்லெறியவில்லை. தீர்ப்பின் நியாயத்தை ஆராய்ந்து, அதன் பிழையைக் காரணங்காட்டி எடுத்துரைத்தனர்.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு பாகுபாடு பெறப்படுகிறது. 'நம்புதல்' என்று பொதுப்படக் கூறப்படுவது உண்மையில் மூன்று வேறு செயல்களை உள்ளடக்கியது. முறையீட்டை மெய்யாயிருக்கக்கூடியதாகக் கொண்டு செவிமடுத்து விசாரித்தல் முதலாவது. மேலும் தீங்கு நேராவண்ணம் காத்தல் இரண்டாவது. ஒருவனைக் குற்றவாளியெனத் துணிந்து தண்டித்தல் மூன்றாவது. செவிமடுத்தற்குச் சான்று எதுவும் வேண்டியதில்லை. முறையிட்டாள் என்பதே போதும். காத்தற்கு நியாயமான ஐயம் போதும். குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியரை விசாரணை முடியும்வரை வகுப்பறையிலிருந்து விலக்கிவைத்தல் அவரைத் தண்டிப்பதாகாது. தண்டித்தற்கோ ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் வேண்டும். நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே என்று இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுவது இம்மூன்றாவதைப் பற்றியேயாகும். அதனை முதலாவதுக்கு ஏற்றி, நிரூபித்தால்தான் கேட்போம் என்பது சபையின் பிழை. முதலாவதுக்குப் போதுமானதை மூன்றாவதுக்கும் போதுமெனக் கொள்வது பாண்டியனின் பிழை.

இங்கு ஒரு மறுப்பு எழும். பாலியல் வன்முறை பெரும்பாலும் சாட்சியற்ற இடத்தில் நிகழ்வது. குற்றமற்ற ஒருவன் தண்டிக்கப்படுவதினும் குற்றவாளிகள் பதின்மர் தப்புவது மேல் என்று 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டவியலாளர் பிளாக்ஸ்ரன் வகுத்த கோட்பாட்டின் சுமையைச் சுமப்போர் யார்? தப்பிய பதின்மரும் திரும்பிச் செல்லும் ஊரில் வாழவேண்டிய பெண்களே. இம்மறுப்பு வலிமையுடையது, இதனை ஒதுக்கிவிட்டு நீதியைப் பற்றிப் பேசுவோர் பாதி நீதியையே பேசுகின்றனர். ஆயினும் இதற்குரிய விடை நிரூபணத்தின் அளவைக் குறைப்பதன்று. நிரூபணம் தேடும் முயற்சியைப் பெருக்குவதாகும். காலந்தாழ்த்தாத மருத்துவப் பரிசோதனை, முறையிட வருபவளை அவமதியாத பொலிஸ் நிலையம், ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்படாத வழக்கு ஆகியவற்றை இடைவிடாது கோருவதே பொதுமக்கள் அபிப்பிராயத்துக்குரிய பணியாகும். குற்றவாளி யார் என்று கூறும் தகுதி கூட்டத்துக்கு இல்லை. விசாரணை நடக்கிறதா என்று கேட்கும் உரிமை அதற்கு நிரம்ப உண்டு.

இறுதியாக மற்றொன்றும் கூறல் வேண்டும். நாட்டைக் கொதிக்கவைத்த மேற்கூறிய இரு வழக்குகளிலும் பாதிக்கப்பட்டோர் இறந்துபோன சிறுமியும் மாணவியும். கிறீஸ் பூதமோ முகமற்ற அந்நியன். இத்தகைய இடங்களிற் சினம் எளிதில் எழுகிறது. அதனால் ஊருக்கு இழப்பு எதுவுமில்லை. ஆனால் இக்குற்றங்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவளுக்கு அறிமுகமானோராலேயே இழைக்கப்படுகின்றன. வாடியில் மீன் காயவைக்கும் பெண்ணொருத்தி சம்மாட்டியின் மேல், மாணவியொருத்தி ஆசிரியரின் மேல், மருமகளொருத்தி மாமனாரின் மேல் உயிரோடு நின்று முறையிடும்போது, பூதத்தைத் துரத்திய அதே ஊர் வீட்டுமரின் சபையாகிவிடுகிறது. அவள் ஏன் அங்குச் சென்றாள், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற வினாக்கள் எழுகின்றன. அவளுடைய பெயர் தெருவுக்கு வருகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1995 முதல் தண்டனைக்குரிய குற்றமாயிருப்பினும் ஊர்வாய்க்கு அச்சட்டம் தெரிவதில்லை. அந்நியன் எனின் விசாரணையின்றித் தண்டனை. தன்னவன் எனின் விசாரணையின்றி விடுதலை. ஓர் ஊரின் நீதியுணர்வை அளக்க வேண்டுமாயின், அந்நியன் மீது அது கொண்ட சினத்தை அன்று, தன்னவன் மீது முறையிட்டவளுக்கு அது கொடுத்த செவியையே அளக்க வேண்டும்.

பாரதத்துச் சபையிலும் எல்லோரும் வாளாவிருந்தாரல்லர். கௌரவர்களுள் இளையவனான விகர்ணன் எழுந்து, அவள் கேட்ட வினாவுக்கு விடை கூறுக என்று மூத்தோரை வற்புறுத்தினான். அவர்கள் வாய்திறவாதபோது தன் கருத்தைக் காரணங்களோடு எடுத்துரைத்தான். அவன் படைக்கலம் எடுக்கவில்லை. எவரையும் தண்டிக்கவும் முற்படவில்லை. குற்றஞ்செய்தோர் தன் உடன்பிறந்தோர் என்பதற்காக மௌனமாக இருக்கவுமில்லை. கர்ணன் அவனைச் சிறுவன் என்று இகழ்ந்தான். சபையும் அவனுக்குச் செவிசாய்க்கவில்லை. ஆயினும் அன்று அவன் வற்புறுத்திக் கேட்ட அதனையே ஒவ்வொரு முறையீட்டின்போதும் கேட்பதற்குக் கற்றோர் கடமைப்பட்டவராவர்.